மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில்: மெல்பேர்ண் வைத்தியர் ஜோன் கேய்ட்

மெல்பேர்ண் நகரத்தின் வடபுறத்தே பண்டூரா என்னும் பகுதியில் பழைய மாளிகையொன்று உண்டு. இன்று அது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்படும் கலைக்கூடம். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பல தசாப்தங்களாக அதுவும் அதனைச் சூழ்ந்த வளவும், போரினால் மனம் சிதைந்து திரும்பிய படைவீரரைப் பராமரிக்கும் வைத்தியசாலையாக விளங்கின. அங்கே பாவனையின்றிக் கிடந்த ஒரு சமையற்பகுதியில், 1940களின் பிற்கூற்றில், வைத்தியர் ஒருவர் சில கினிப்பன்றிகளையும் சில போத்தல்களையும் வைத்துக்கொண்டு தனியே பரிசோதனை நடத்தி வந்தார். ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க எதுவும் அவரிடம் இருக்கவில்லை. நோயாளரின் சிறுநீர் மாதிரிகளைக் கெடாது காப்பதற்கு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையே அவர் பயன்படுத்தினார். ஜோன் பிரெடெரிக் ஜோசப் கேய்ட் என்பது அவர் பெயர். கட்டுக்கடங்காத வெறியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறித் தாக்கும் மனநோய்க்கு இன்றளவும் உலகெங்கும் வழங்கப்படும் இலிதியம் என்ற மருந்து அந்தச் சமையற்பகுதியிலிருந்தே வெளிவந்தது.

அதே மருந்து அவருடைய முதல் நோயாளியைக் கொன்றது. ஒரே பொருள் ஒருவரைத் தெளிய வைத்ததும் பின்னர் அவரையே மாய்த்ததும் எவ்வாறு என்ற வினாவுக்கு விடை, இரத்தத்தில் அப்பொருள் எவ்வளவு இருந்தது என்ற அளவிலேயே இருந்தது. அந்த அளவை அறியும் வழி கேய்ட்டிடம் இருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை அறிய விரும்புவோர் இந்த இடத்தை மனதிற்கொள்வது நல்லது.

கேய்ட் 1912ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி விக்ரோறியா மாநிலத்தின் கோதுமை வயல்கள் சூழ்ந்த மேர்ட்டோவா என்ற சிற்றூரிற் பிறந்தார். தந்தையும் வைத்தியரே. முதலாம் உலகப் போரிற் கலிப்பொலியிலும் பிரான்சிலும் பணியாற்றிய அவர் உடலும் மனமும் களைத்தவராய் மீண்டார். ஊர் வைத்தியரின் ஓய்வற்ற தொழிலைத் தொடர முடியாது அதனை விற்றுவிட்டு, அரசாங்க மனநோய்ப் பராமரிப்புத் திணைக்களத்திற் சேர்ந்தார். சன்பெரி, பீச்வேர்த், மொன்ற் பார்க் ஆகிய வைத்தியசாலைகளின் வளவுகளே அதன்பின் குடும்பத்தின் இருப்பிடமாயின. ஏனைய சிறுவர் மதிலுக்கு வெளியே நின்று பார்த்து அஞ்சிய மனிதரோடு ஜோன் மதிலுக்கு உள்ளே வளர்ந்தார். மனநோயாளரும் காய்ச்சற்காரரைப் போன்ற நோயாளரே என்ற எண்ணம் அவருக்குப் புத்தகத்தினால் வந்ததன்று.

ஸ்கொச் கல்லூரியிலும் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்திலும் கற்று, 1934இல், இருபத்திரண்டு வயதளவிலே மருத்துவப் பட்டம் பெற்றார். இளம் வைத்தியராயிருந்தபோது கடும் நிமோனியாக் காய்ச்சல் கண்டு உயிருக்குப் போராடினார். அவரைப் பராமரித்த தாதியையே 1937இல் மணந்தார். தந்தை வழியிலே மனநோய் வைத்தியத்தைத் தெரிந்து மொன்ற் பார்க்கிற் பணியாற்றிக்கொண்டிருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

1941இல் அவுஸ்திரேலியப் படையின் மருத்துவப் பிரிவோடு கேய்ட் சிங்கப்பூர் சென்றார். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏறக்குறைய 15,000 அவுஸ்திரேலியப் படையினர் சிறைப்பட்டனர். கேய்ட்டும் அவர்களுள் ஒருவர். மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் இருந்தார். (அதே காலத்திலேதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைப்பதற்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். போர்க் கைதிகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அத்தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.) முகாமின் மனநோயாளரைப் பார்க்கும் பொறுப்பு கேய்ட்டிடம் வந்தது. பசியும் உயிர்ச்சத்துக் குறைவும் உடலை மட்டுமன்றி மனத்தையும் குலைப்பதை அவர் நாள்தோறும் கண்டார். குழம்பிய மனத்துக்குப் பின்னால் உடலில் ஏதோ ஒரு பொருளின் மிகுதியோ குறைவோ இருத்தல் கூடும் என்ற ஐயம் அங்கே அவருள் வேரூன்றியது. 1945இல் மெலிந்துருகிய உடலோடு மனைவியிடமும் இளம் புதல்வரிடமும் திரும்பியபோது இந்த ஐயத்தையும் கொண்டுவந்தார்.

போருக்குப் பிந்திய மனநோய் வைத்தியத்தின் நிலையை இன்று கற்பனை செய்வதும் கடினம். மின்னதிர்ச்சிச் சிகிச்சை இருந்தது. மூளையின் முன்பகுதியை வெட்டும் சத்திரசிகிச்சை இருந்தது. கட்டிவைத்தலும் பூட்டிவைத்தலும் இருந்தன. வெறி கொண்ட நோயாளியைத் தூங்கச் செய்யாமலே தெளிய வைக்கும் மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை.

வெறிநோய் என்பது உடலில் இயல்பாகச் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் மிகுவதால் வரும் ஒருவகை நச்சேற்றம் எனக் கேய்ட் கருதினார். அப்படியானால் மிஞ்சிய பொருள் சிறுநீரில் வெளியேற வேண்டும். நோயாளரின் சிறுநீரைக் கினிப்பன்றிகளின் வயிற்றறையிற் செலுத்திப் பார்த்தார். வெறிநோயாளரின் சிறுநீர் கூடுதலான நச்சுத்தன்மை கொண்டதாக அவருக்குத் தோன்றியது. கொல்வது யூரியா எனக் கண்டபின், யூரிக் அமிலம் அந்நஞ்சைக் கூட்டுகின்றதா என்று அறிய முனைந்தார். யூரிக் அமிலம் நீரில் எளிதிற் கரையாது. அதன் உப்புக்களுள் நன்கு கரைவது இலிதிய உப்பு. ஆகவே கரைக்கும் வசதிக்காகவே இலிதியம் அவரது மேசைக்கு வந்து சேர்ந்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக நச்சுத்தன்மை குறைந்தது. தனி இலிதியக் காபனேற்றைச் செலுத்தியபோது துள்ளித் திரியும் கினிப்பன்றிகள் அடங்கி, மல்லாக்கக் கிடத்தினாலும் அமைதியாகக் கிடந்தன. அந்த அமைதியே மிகை மருந்தின் நச்சு அறிகுறியாயிருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கூறுவர். யூரிக் அமிலத்தைப் பற்றிய அவரது கருதுகோளும் நிலைக்கவில்லை. தவறான படிகளில் ஏறிச் சரியான வாசலை அடைந்தவர் அவர். ஆயினும் விலங்கின் சோர்வைக் கண்டு வெறிநோயாளரை நினைத்த அந்தத் தாவல் தற்செயலன்று. சிறுவயது முதல் அந்நோயாளரைப் பார்த்த கண்ணுக்கே அது தோன்றியிருக்க முடியும் என்பது எனது எண்ணம்.

இலிதியம் புதிய பொருளுமன்று. 1817இல் சுவீடனிற் கண்டறியப்பட்ட தனிமம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டுவாத நோய்க்குக் கொடுக்கப்பட்டது. டென்மார்க்கில் ஒரு வைத்தியர் மனச்சோர்வுக்கும் கொடுத்துப் பின்னர் அது மறக்கப்பட்டிருந்தது. செவன்-அப் என்னும் குளிர்பானத்திற்கூட 1940களின் இறுதி வரை இலிதிய உப்புச் சேர்க்கப்பட்டிருந்தது என்றால் வாசகர் வியக்கக்கூடும்.

கேய்ட் முதலில் மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். தீங்கொன்றும் காணாமையால் 1948 மார்ச் மாத இறுதியில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். மருத்துவ ஏட்டில் டபிள்யூ.பி. என்ற எழுத்துக்களாற் குறிக்கப்படும் அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஐந்தாண்டுகளாக ஓயாத வெறியில், அழுக்கோடும் ஆரவாரத்தோடும், வைத்தியசாலைக்கே பெருந்தொல்லையாயிருந்தவர். சில வாரங்களில் அவர் தெளிந்தார். யூலையில் வீடு சென்றார். பழைய தொழிலுக்கும் திரும்பினார். பத்து வெறிநோயாளரின் வரலாறுகளைக் கொண்ட கேய்ட்டின் கட்டுரை 1949 செப்ரெம்பர் 3ஆம் திகதி அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட கட்டுரை அது. மனநோய்க்கு உரிய நவீன மருந்துகளின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது எனப் பலர் கருதுவர்.

காலம் சாதகமாக இருக்கவில்லை. அதே 1949இல் அமெரிக்காவில் இருதய நோயாளர் கறியுப்புக்குப் பதிலாக இலிதிய உப்பைத் தாராளமாக உண்டனர். பலர் நச்சேறினர், சிலர் இறந்தனர். அப்பொருள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. விக்ரோறியாவிலும் அடுத்த ஆண்டு இலிதிய மரணமொன்று மருத்துவ சஞ்சிகையிற் பதிவாயிற்று. கேய்ட்டின் முதல் நோயாளியோ மருந்தை நிறுத்துவதும் வெறி திரும்புவதும் மீண்டும் மருந்து தொடங்குவதுமாகத் தத்தளித்து, 1950 மே மாதத்தில் இலிதிய நச்சினால் மரணமானார். கேய்ட் அந்த மருந்தைக் கைவிட்டார். தாம் கண்டுபிடித்ததைத் தாமே மூடி வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கோழையல்லர். இலிதியத்தின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். உடல் இலிதியத்தைச் சோடியத்தின் உடன்பிறப்பாக எண்ணி நடத்துகிறது. அதனை வெளியேற்றுவது முற்றாகச் சிறுநீரகமே. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்க முயலும்போது இலிதியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதே மாத்திரை, அதே எண்ணிக்கை; ஆனால் இரத்தத்தில் ஏறும் அளவு ஆளுக்கு ஆளும் வாரத்துக்கு வாரமும் வேறுபடும். கேய்ட்டிடம் இருந்தவை தராசும் கண்ணும் மட்டுமே. கை நடுங்கத் தொடங்கியதும் வாந்தி கண்டதும் மருந்தைக் குறைப்பார். அடையாளம் தெரியும் வேளையில் நஞ்சு ஏறிவிட்டிருக்கும்.

அளவிடும் பணியைத் தொடக்கியவர் ஓர் அகதி. எட்வேர்ட் ட்ரவுட்னர் ஜேர்மனியிற் பிறந்தவர், மருத்துவம் கற்றவர், அங்கே எழுத்தாளராகவும் அறியப்பட்டிருந்தவர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து விலகிப் பிரித்தானியாவில் தஞ்சமடைந்தவரை, போர் மூண்டதும் அந்நாடு எதிரி நாட்டவர் என்ற முத்திரை குத்திச் சிறைப்பிடித்தது. 1940 யூலையில் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட டுனேரா என்ற கப்பலில் ஏறக்குறைய 2,500 பேரோடு அவரும் ஏற்றப்பட்டார். அவர்களிற் பெரும்பாலோர் நாஸிகளுக்குத் தப்பிய யூதர். நெருக்கடியிலும் அசுத்தத்திலும் எட்டு வாரங்கள். காவற்படையினர் அவர்களுடைய பொருட்களைக் கொள்ளையிட்டனர், கடலிலும் வீசினர். செப்ரெம்பர் 6ஆம் திகதி கப்பல் சிட்னியை அடைந்தது. முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்ட அம்மனிதருட் பலர் பின்னர் இந்நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கும் கலைகளுக்கும் ஆற்றிய தொண்டு ஒரு தனி வரலாறு. படகில் வந்தோரைப் பற்றிய இன்றைய வாதங்களிடையே அது நினைக்கப்படுவதில்லை.

விடுதலையானபின் ட்ரவுட்னர் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியற்றுறையில், பேராசிரியர் ஆர். டி. றைற்றின் கீழ் இடம்பெற்றார். மொன்ற் பார்க் வைத்தியசாலையின் சார்ள்ஸ் நோவாக்குடன் சேர்ந்து நூறுக்கு மேற்பட்ட நோயாளருக்கு இலிதியம் வழங்கிய அனுபவத்தை 1951இல் வெளியிட்டார். தொடர்ந்து சாமுவேல் கெர்சன் முதலிய இளையவர்களோடு, உடலில் எவ்வளவு இலிதியம் தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதை எண்களாக்கினார். அந்த ஆய்வு 1955இல் அச்சேறியது. அவர்களுக்கு உதவியது சுவாலை ஒளிமானி என்னும் கருவி. இரத்த நீரை நுண்துளிகளாக்கிச் சுவாலைக்குள் தெளித்தால் அதிலுள்ள இலிதியம் செந்நிறமாக எரியும். ஏறக்குறைய 671 நனோமீற்றர் அலைநீளமுடைய அந்தச் சிவப்பின் செறிவே இலிதியத்தின் அளவைக் காட்டும். கேய்ட்டின் நோயாளி இறந்த காலத்திலேயே இத்தகைய கருவி மெல்பேர்ணிற் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் அளக்கப் பயன்படத் தொடங்கியிருந்தது என்பதை நினைக்கையில் மனம் கனக்கின்றது.

இன்று சுவாலையின் இடத்தைப் பல ஆய்வுகூடங்களில் மின்வாய் பிடித்துக்கொண்டது. அதன் நுனியிலுள்ள மென்சவ்வில், இலிதிய அயன் மட்டும் சரியாகப் பொருந்தத்தக்க குழியுடைய வளைய மூலக்கூறுகள் பதிக்கப்பட்டிருக்கும். இலிதியம் அங்கே சென்று அமர, சவ்வின் இரு புறத்துக்குமிடையே மின்னழுத்தம் தோன்றும். இலிதியம் பத்து மடங்கு கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 60 மில்லிவோல்ற்று மாறும். ஆகவே அளவு இரட்டிப்பாகும்போது மாற்றம் 18 மில்லிவோல்ற்று மட்டுமே. பொதுவாக வேண்டப்படும் அளவு இலீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமூல் வரை, 1.5ஐக் கடந்தால் நச்சு அறிகுறிகள் தோன்றத் தொடங்கும். 2ஐத் தாண்டினால் ஆபத்து. அதாவது உயிருக்கும் ஆபத்துக்கும் இடையிலான தூரம் மின்வாயின் கணக்கில் முப்பது மில்லிவோல்ற்று அளவினது. அதே இரத்தத்திற் சோடியமோ ஏறக்குறைய 140 மில்லிமூல். இத்துணை பெருங்கூட்டத்திடையே ஒருவனை மட்டும் அடையாளம் காணும் சவ்வை ஆக்குவதே வடிவமைப்பாளரின் பாடு. அதையும் ஒரு சிறு கவனக்குறைவு கெடுத்துவிடும்: இரத்தம் உறையாதிருக்கச் சில குழாய்களில் இடப்படும் பொருள் இலிதிய உப்பாகவே இருப்பதுண்டு, அதில் எடுத்த இரத்தம் பொய்யான எண்ணையே காட்டும்.

இலிதியம் ஒரு தனி அயன். ஏனைய மருந்துகள் சிறு மூலக்கூறுகள். அவற்றை மின்னால் அறிவது இன்னும் கடினம். பெரிய புரதமாயின் இரு பிறபொருளெதிரிகள் இரு புறமும் பற்றிக்கொள்ளலாம்; சிறு மருந்தில் இரண்டாவது கைக்கு இடமில்லை. குளுக்கோசை அளக்கும் நொதிய மின்வாயை 1962இல் அமெரிக்காவில் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்தனர். நீரிழிவுக்காரர் வீட்டிலேயே விரலிற் குத்திப் பார்க்கும் கருவிகள் அந்த வழியில் வந்தவை. ஆனால் குளுக்கோசை மாற்றும் நொதியம் இயற்கையில் உண்டு. எல்லா மருந்துக்கும் அவ்வாறு இல்லை. சிட்னி ஆய்வாளர் 1997இல், பொன் தகட்டில் நங்கூரமிட்ட சவ்வொன்றில் அயன் வாயில்களைப் பொருத்தி, தேடும் பொருள் வந்ததும் அவை மூடுமாறு செய்து காட்டினர். வேறு சிலர், மருந்தைச் சந்தித்ததும் மடங்கிக்கொள்ளும் டி.என்.ஏ. இழையைப் பொன்னில் ஒட்டி, அதன் முனையில் மெதிலீன் நீலம் என்ற சாயத்தைக் கட்டுகின்றனர்; இழை மடங்கச் சாயம் பொன்னை நெருங்கும், மின்னோட்டம் மாறும். உயிருள்ள எலிகளின் இரத்தக் குழாயிலேயே சில மருந்துகளைக் கணத்துக்குக் கணம் இவ்வாறு அளந்துள்ளனர். இரத்தப் புரதங்கள் பொன்மீது படிந்து கருவியின் உணர்வை மழுங்கச் செய்வதும், மணிக்கணக்கிற் சைகை நழுவிச் செல்வதும் இன்னும் முற்றாகத் தீராத இடர்கள்.

இதனை எமது குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. போரிலிருந்தும் முகாம்களிலிருந்தும் வந்தோரிடையே மனநோய் உண்டு. அதனை அயலாருக்கு மறைக்கும் வழக்கமும் உண்டு. மறைப்பதற்காக மாத்திரையை விழுங்கிவிட்டு இரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்போரும் உளர். இலிதியம் எடுப்பவருக்கு அது ஆகாது. அவுஸ்திரேலியாவின் கோடையில் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும் நாட்களிலும், வயிற்றோட்டத்தின்போதும், கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களிலும், திடீரென உப்பைக் குறைக்கும்போதும் இரத்தத்தில் இலிதியம் ஏறும். நீர்போக்கும் மாத்திரைகளும் இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும், கடையில் எளிதாகக் கிடைக்கும் இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகளும் அதனை ஏற்றக்கூடியன. விரதத்தையோ புதிய மாத்திரையையோ தொடங்குமுன் வைத்தியரைக் கேட்பது அவமானமன்று. மருந்தை எவரும் தாமாக நிறுத்தவும் கூடாது. முதல் நோயாளியின் துயரம் அதிலேயே தொடங்கியது.

கேய்ட்டின் பிற்கால வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடலாம். 1952இல் ரோயல் பார்க் வைத்தியசாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1977இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். பூட்டிய வாயில்களைத் திறப்பதிலும், நோயாளரைக் குழுவாக அமர்த்திப் பேசவைப்பதிலும், மாணவருக்குக் கற்பிப்பதிலும் காலம் சென்றது. பறவைகளிலும் விலங்குகளின் தடங்களிலும் அவருக்குத் தீராத ஆர்வம். இலிதியத்தை உலகறியச் செய்தவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ. அவர் 1954இல் தொடங்கிய முறையான பரிசோதனைகளே ஐயங்களைக் களைந்தன. 1970இல் அமெரிக்க அரசு வெறிநோய்க்கு அதனை அங்கீகரித்தது. காப்புரிமை பெற முடியாத சாதாரண உப்பாகையால் எந்தக் கம்பனியும் அதற்காக அவசரப்படவில்லை. 1974இல் கேய்ட்டும் ஷூவும் அமெரிக்காவின் கிற்றே பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1976இல் அவுஸ்திரேலிய அரசின் விருதும் கேய்ட்டுக்கு வழங்கப்பட்டது. ட்ரவுட்னருக்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை.

கேய்ட் 1980 நவம்பர் 16ஆம் திகதி மெல்பேர்ணிற் காலமானார். ரோயல் மெல்பேர்ண் வைத்தியசாலையின் மனநோய்ப் பிரிவு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இலிதியம் எடுக்கும் நோயாளரிடமிருந்து இரத்தம் பெறும் ஒழுங்கு அங்கும் ஏனைய இடங்களிலும் ஒன்றே: இரவு மாத்திரை உண்டு பன்னிரண்டு மணித்தியாலங்கள் கழிந்தபின், காலை மாத்திரைக்கு முன்னர்.